கோழிக்குஞ்சுக்குத் தின்பண்டம் கொடுத்தால் கல்லும் வைக்க வேண்டுமா? (12 நாள் குஞ்சு, காவேரிப்பட்டணம்)

மாங்காத்தோப்பு, காவேரிப்பட்டணம் | ஞாயிறு காலை 7:12

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று 27 சிறுவிடை (சின்ன உடல்வாகு நாட்டுக்கோழி வகை) குஞ்சு வாங்கினேன். பொரித்த மறுநாளே வந்துவிட்டன. இன்றோடு 12 நாள். இப்போது 25 இருக்கின்றன. ஒன்று வந்த மூன்றாம் நாளே போய்விட்டது. இன்னொன்று நேற்றுக் காலை.

திண்ணையில் இரண்டு அட்டைப்பெட்டியை ஒட்டவைத்து, கீழே நெல் உமி பரப்பி, மேலே 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டிருக்கிறேன். தீவனம் கடையில் வாங்கிய ஸ்டார்டர் குருணை. முதல் வாரம் அது மட்டும்தான். அப்புறம் என் மகள் (இரண்டாம் வகுப்பு) ஆரம்பித்தாள். ஒரு நாள் அவித்த முட்டை, ஒரு நாள் தக்காளி, ஒரு நாள் மாம்பழத் தோல், பிறகு தினமும் ஒரு கை ராகி. அவை முண்டியடித்துத் தின்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது, விட்டுவிட்டேன்.

நேற்று உமியை மாற்றும்போது பார்த்தால் எச்சத்தில் ராகி முழுசு முழுசாகக் கிடக்கிறது. கழுவி விதைத்தால் முளைக்கும் போல. தீவனக் கடையில் கேட்டேன். "கல்லு வைக்கணும்மா" என்று வெள்ளையாக உடைத்த கிளிஞ்சல் ஒரு கிலோ கொடுத்தார்கள். நேற்றிலிருந்து ஒரு டப்பா மூடியில் அதையும் வைத்திருக்கிறேன்.

இந்த வயதில் தின்பண்டம் கொடுக்கலாமா? கல் தேவையா? நேற்றுச் செத்த குஞ்சு இதனால்தானா? மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


ஓசூர்_அடுக்ககம் | ஞாயிறு காலை 7:40

இதே சந்தேகம் எனக்கும். நான் பால்கனியில் நான்கு குஞ்சு வைத்திருக்கிறேன் (சிரிக்காதீர்கள்). பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


அரூர்_ஆடுகோழி | ஞாயிறு காலை 8:05

எங்கள் ஆயா வீட்டில் எப்போதும் நாற்பது ஐம்பது உருப்படி இருக்கும். யாரும் கோழிக்குக் கல் கடையில் வாங்கியதில்லை. நொய்யைத் தூவினால் தின்னும், ராகியைத் தூவினால் தின்னும். கல் பொறுக்க அதற்கே தெரியும். இப்போது கோழிக்கும் ஒரு கிலோ கல் விற்க ஆரம்பித்துவிட்டார்களா? அடுத்தது காற்றை விற்பார்கள்.


பென்னாகரம்_பெருவிடை | ஞாயிறு காலை 8:31

அரூர் அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஆயா வீட்டுக் குஞ்சு அடைக்கோழியோடு குப்பைமேட்டில் திரிந்தது. தாய் "டொக் டொக்" என்று கூப்பிட்டுக் காலால் சீய்த்துக் காட்டும். குஞ்சு புழுவோடு சேர்த்து மண்ணையும் பொடிக்கல்லையும் விழுங்கும். இரண்டாம் நாளே கல் உள்ளே போய்விடும், யாரும் வைக்க வேண்டியதில்லை. இந்த அக்காவின் குஞ்சு பொரிப்பான் மெஷினிலிருந்து நேராக அட்டைப்பெட்டிக்கு வந்தது. பிறந்ததிலிருந்து மண்ணையே மிதிக்கவில்லை. அது எங்கே போய்க் கல் பொறுக்கும்?

அக்கா, முதலில் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை விளக்குப் போட்டு, தீவனம் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்துக் கழுத்து முடிகிற இடத்தில், நெஞ்சுக்குச் சற்று வலப்பக்கமாக, கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். அதுதான் தீனிப்பை. ராத்திரி புடைத்திருக்கும். விடியும்போது காலியாகித் தோலும் தோலும் ஒட்டினாற்போல இருக்க வேண்டும். காலையிலும் உருண்டையாக, மாவுருண்டை போலக் கெட்டியாக இருக்கிற குஞ்சைத் தனியாக எடுத்து வையுங்கள். எத்தனை என்று இங்கே எழுதுங்கள்.


கால்நடை_ஓய்வு, தருமபுரி | ஞாயிறு மதியம் 12:20

கால்நடைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்குப் பல் இல்லை. விழுங்கியது தீனிப்பையில் ஊறி, அடுத்துச் சுரப்பு இரைப்பையில் அமிலம் கலந்து, அதற்கும் அடுத்த அரவைப்பைக்குப் போகிறது. கறி சுத்தம் செய்கிற எல்லோருக்கும் அதைத் தெரியும். கத்தியால் பிளந்து, உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை உரித்து எறிவோமே, அதுதான். தடித்த தசை. உரல் என்றால் அது உரல், உலக்கையாக வேலை செய்வது உள்ளே கிடக்கிற கற்கள்.

ஸ்டார்டர் குருணை ஏற்கெனவே அரைத்துச் செய்தது. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அது மட்டும் தின்கிற குஞ்சுக்குக் கல் தேவையே இல்லை. உங்கள் முதல் வாரம் சரியான வாரம். ராகி, கீரை, புழு, தோல் என்று குருணை அல்லாத எதைக் கொடுக்க ஆரம்பித்தாலும் அதற்கு முன்பே கல் போயிருக்க வேண்டும். நீங்கள் உலக்கை இல்லாத உரலில் ராகியைப் போட்டீர்கள், அது முழுசாக வெளியே வந்துவிட்டது. அவித்த முட்டை மிருதுவானது, அதற்குப் பெரிய அரவை வேண்டாம். மாம்பழத் தோல் நார். இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கிளிஞ்சல். இன்றே எடுத்துவிடுங்கள். கிளிஞ்சல் வேறு, கல் வேறு. கிளிஞ்சல் சுண்ணாம்புச்சத்து. அரவைப்பைக்கு வந்து சேரும் அமிலத்திலேயே கரைந்துவிடும், எதையும் அரைக்காது. முட்டையிடும் கோழிக்கு ஓட்டுக்காகக் கொடுப்பது அது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுத் தீவனத்தில் 1 சதவீதம்தான். குஞ்சுக்கு அதற்கு மேல் தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெடும். அப்படிச் செத்த குஞ்சை அறுத்தால் இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரு நாள் கொத்தியதில் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுக்கும் போட்டு மிச்சம் பிடிக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

குஞ்சு செத்தது எதனால் என்று அறுத்துப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் போனது பெரும்பாலும் பயணம், குளிர், தண்ணீர் இறங்காதது. நேற்றுப் போனதைப் புதைத்துவிட்டீர்களா? இனி ஒன்று போனால் பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் வைத்து, அன்றே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஓசூரில் கோழியினத்துக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை.


மாங்காத்தோப்பு, காவேரிப்பட்டணம் | ஞாயிறு மதியம் 1:02

நன்றி ஐயா. கிளிஞ்சலை எடுத்துவிட்டேன். செத்ததை மகள்தான் மாமரத்தடியில் புதைத்தாள், பூ வேறு வைத்திருக்கிறாள். தோண்ட மனசு வரவில்லை.


மாங்காத்தோப்பு, காவேரிப்பட்டணம் | திங்கள் காலை 6:25

25ஐயும் தடவிப் பார்த்துவிட்டேன். 22க்குக் காலி. இரண்டு பாதி. ஒன்றுக்கு மட்டும் சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. அழுத்தினால் உள்ளே நறநறவென்று ஏதோ உரசுகிறது. அது ஒரு ஓரமாக இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கிறது. என்ன செய்வது?


பென்னாகரம்_பெருவிடை | திங்கள் காலை 6:48

அது ராகியும் உமியும்தான் அக்கா. அந்தக் குஞ்சைத் தனியாகச் சூட்டில் வையுங்கள். இன்று தீவனம் வேண்டாம், தண்ணீர் மட்டும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், அதுவே நக்கிக் குடிக்கும். நாலைந்து சொட்டு போன பிறகு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். அப்புறம் விரல் நுனியால் தீனிப்பையை மேலிருந்து கீழாக, மாவு பிசைகிற வேகத்தில் பாதி வேகத்தில் நீவுங்கள். ஒரு நிமிடம் போதும். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும்.

தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்லி வீடியோ எல்லாம் வருகிறது. செய்யாதீர்கள். நான் செய்து ஒரு நல்ல பெட்டைக்குஞ்சைக் கொன்றிருக்கிறேன். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது.


கால்நடை_ஓய்வு, தருமபுரி | திங்கள் காலை 7:30

பென்னாகரம் தம்பி சொன்னதே சரி. எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். நாளைக் காலையும் கெட்டியாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று: உமிக்கு மேல் பழைய கோணிச் சாக்கோ பருத்தித் துணியோ விரித்து அதில் தீவனத்தைத் தூவியிருக்க வேண்டும். முதல் சில நாள் குஞ்சுக்கு எது தீவனம், எது படுக்கை என்று தெரியாது. நியூஸ்பேப்பர் மட்டும் வேண்டாம், வழுக்கிக் கால் இரண்டும் அகண்டுவிடும்.

பல்பையும் பாருங்கள். முதல் வாரம் குஞ்சு நிற்கிற மட்டத்தில் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். பல்படியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. குளிரில் நிற்கிற குஞ்சுக்குச் செரிமானமும் நின்றுவிடும். எச்சம் பின்புறம் ஒட்டிக் காய்ந்து அடைப்பதும் இதனால் வரும்.


ஓசூர்_அடுக்ககம் | திங்கள் இரவு 9:15

இரண்டு கேள்வி. ஒன்று, ராகியில் கால்சியம் அதிகம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் களியை விழுங்கியவன் நான். அப்படியானால் ராகியும் குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாதா?

இரண்டு, கல்லுக்கு எங்கே போவது? பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், எம்-சாண்ட் மலைபோலக் கொட்டிக் கிடக்கிறது. ஒரு டம்ளர் அள்ளிவிடலாமா?


கால்நடை_ஓய்வு, தருமபுரி | திங்கள் இரவு 9:40

நல்ல கேள்வி. ராகி 100 கிராமில் கால்சியம் ஏறக்குறைய 340 மில்லிகிராம். சதவீதமாகப் பார்த்தால் 0.34. குஞ்சுத் தீவனத்தில் இருக்கிற 1 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அரிசியோடு ஒப்பிட்டால் அதிகம், கிளிஞ்சலோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ராகியால் குஞ்சின் சிறுநீரகம் கெடாது.

ராகியையே முழுத் தீவனமாக்கினால்தான் கெடுதல், நொய்யும் அப்படித்தான். குஞ்சுக்கு 20 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். ராகியில் 7 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. வெறும் நொய்யில் வளர்கிற குஞ்சுக்கு பி2 வைட்டமின் குறைந்து கால்விரல் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், கணுக்காலை ஊன்றி நடக்கும். அதைக் "காற்று பட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.


பர்கூர்_கல்லுடைப்பு | செவ்வாய் காலை 5:50

எம்-சாண்ட் பற்றி நான் சொல்கிறேன், அதுதான் என் சோறு.

கட்டுமான இடத்திலிருந்து அள்ளாதீர்கள். சிமெண்ட் சிந்தியிருக்கும், கம்பித் துண்டு, ஆணி, பெயிண்ட் எல்லாம் கலந்திருக்கும். கிரஷரிலிருந்து நேராக வந்த சுத்தமான எம்-சாண்டும் கருங்கல்தான், கல் என்ற முறையில் குற்றமில்லை. ஆனால் அதில் மாவு அதிகம், குஞ்சு கொத்தும்போது பறந்து மூக்கில் ஏறும். நாலைந்து தடவை கழுவாமல் ஆகாது. கிரானைட் பாலீஷ் போடுகிற இடத்தில் தேங்கிக் காய்ந்த தூளைச் சிலர் "கிரானைட் பவுடர்" என்று தோட்டத்துக்கு அள்ளிப்போகிறார்கள். அதைக் கோழிப் பக்கம் காட்டவே கூடாது. மெருகு போடுகிற கட்டையின் தேய்மானம், பிசின், இரும்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு கல்லுக்கு அலைகிறோம் என்றால் ஊர் சிரிக்கும்.


பென்னாகரம்_பெருவிடை | செவ்வாய் காலை 6:30

நான் செய்கிற முறை இது. ஆற்று மணல் கொஞ்சம் எடுத்து (ஓடையில் அடித்து வந்தது போதும், ஊருக்குக் கீழே சாக்கடை கலக்கிற இடம் வேண்டாம்) டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழுவதைக் கொட்டிவிடுவேன். மேலே நிற்பதை ஓட்டை கொஞ்சம் பெரிய சல்லடையில் மறுபடியும் சலிப்பேன். இப்போது கீழே விழுவதுதான் குஞ்சுக்கு. கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்துவிட்டால் ஒரு பாட்டில் ஆறு மாதத்துக்கு வரும்.

அளவுக்கு மில்லிமீட்டர் எல்லாம் பார்ப்பதில்லை, தானியம்தான் கணக்கு. முதல் மூன்று நான்கு வாரம் ராகி அளவு. அப்புறம் கம்பு அளவு. இரண்டு மாதம் தாண்டினால் பச்சைப்பயறு அளவு. ரவை போல இருப்பது அரவைப்பையில் நிற்காமல் ஓடிவிடும், பயனில்லை.

வைக்கிற விதம் முக்கியம். பசியோடு இருக்கிற குஞ்சுக்கு முதல்முறை கல்லைக் காட்டினால் தீவனம் என்று நினைத்து வயிறு முட்ட விழுங்கிவிடும். தீவனம் தின்று முடித்த பிறகு, ஒரு தேக்கரண்டி மட்டும், தனி மூடியில். 25 குஞ்சுக்கு அது போதும். தீவனத்தில் கலக்க வேண்டாம். வேண்டியது வேண்டியபோது அதுவே கொத்திக்கொள்ளும். கல் வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் ராகி.


பாலக்கோடு_பட்டு | செவ்வாய் மதியம் 2:10

எங்களிடம் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுத்த பிறகு மிச்சமாகிற கூட்டுப்புழு கிலோக் கணக்கில் கிடக்கிறது. கோழி அதற்கு உயிரை விடும். காய்ந்ததில் பாதிக்குப் பாதி புரதம் என்கிறார்கள். குஞ்சுக்குக் கொடுக்கலாமா?


கால்நடை_ஓய்வு, தருமபுரி | செவ்வாய் மதியம் 3:00

புரதம் உண்மை. கொழுப்பும் கால்வாசிக்கு மேல் இருக்கிறது, அதனால் இரண்டு நாளில் சிக்கெடுத்து நாறிவிடும். அன்றைக்கு வந்ததை, நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மூன்று வாரம் தாண்டிய குஞ்சுக்கு ஒரு சிட்டிகை. முட்டைக்கோழிக்குத் தொடர்ந்து போட்டால் முட்டையே வாடை அடிக்கும்.

வளர்ப்பு மனையில் நோய் வந்து செத்த புழுவை ஒருபோதும் போடாதீர்கள். அதன் மேல் நீங்கள் தூவியிருக்கிற சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் அப்படியே இருக்கும்.


பாலக்கோடு_பட்டு | செவ்வாய் மதியம் 3:06

இரண்டாவது சொன்னதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். நிறுத்திவிடுகிறேன் சார்.


அரூர்_ஆடுகோழி | செவ்வாய் இரவு 8:20

எல்லாம் சரி. புழு வேண்டுமென்றால் காசு கொடுத்துப் பொடி செய்ய வேண்டுமா? கரையான் இருக்கிறதே. உடைந்த மண்பானை ஒன்று எடுங்கள். கிழிந்த கோணி, காய்ந்த சாணி, சோளத்தட்டை, ஓலைத்துண்டு எல்லாவற்றையும் உள்ளே திணித்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாயும்போது கரையான் ஓடுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு ஈரச்சாக்கு. விடிகாலை வெயில் ஏறுவதற்குள் போய்ப் பானையைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று அப்பியிருக்கும். அப்படியே குஞ்சு முன்னால் தட்ட வேண்டியதுதான். வெயில் வந்த பிறகு போனால் வெறும் சாணிதான், எல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். எங்கள் ஆயாவுக்கு மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் இது ஒரு வேலை.

வாரம் ஒருமுறை சின்ன வெங்காயமும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து நொய்யில் பிசைந்து வைப்பார்கள். சளியும் வராது, கழிச்சலும் வராது.


ஓசூர்_அடுக்ககம் | செவ்வாய் இரவு 8:45

வெங்காயம் கோழிக்கு விஷம் என்று படித்தேனே அண்ணா?


அரூர்_ஆடுகோழி | செவ்வாய் இரவு 8:47

எங்கே படித்தாய்? எங்கள் கோழி படிக்கவில்லை.


கால்நடை_ஓய்வு, தருமபுரி | புதன் காலை 7:10

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. வெங்காயம் அதிகமாக, தொடர்ந்து போனால் ரத்தச் சிவப்பணு உடையும், சோகை வரும். வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்து சின்ன வெங்காயத்தை அரைத்து ஐம்பது கோழித் தீவனத்தில் கலப்பது அந்த அளவுக்கு வராது. மூலிகை வைத்தியம் சொல்கிற கால்நடை மருத்துவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அது மருந்து, பசிக்குத் தீனியாகக் கொட்டக் கூடாது. ஒரு மாதம் ஆகாத குஞ்சுக்கு நான் தர மாட்டேன். வெள்ளைக் கழிச்சலை (ராணிக்கெட் நோய்) வெங்காயம் தடுக்காது அண்ணா. அதற்கு ஏழாம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு தடுப்பூசி மருந்து போட்டே ஆக வேண்டும். மாங்காத்தோப்பு அம்மா, போட்டீர்களா? குடிதண்ணீரில் கலக்கிற வகை மருந்தாக இருந்தால் குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும்.

கரையானுக்கு முழு ஓட்டு. மருந்து தெளித்த தோப்பிலும் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து ஊற்றிய இடத்திலும் மட்டும் பானை வைக்காதீர்கள். ஈசல் கிளம்பும் நாளில் குஞ்சை அவிழ்த்துவிட்டால் தீனிப்பை பலூன் மாதிரி ஆகிவிடும், அன்றைக்கும் ஒரு கண் வேண்டும்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. குச்சிக்கிழங்குத் (மரவள்ளி) தோலும் இலையும் வேண்டாம், சயனைடு. பழுத்த தக்காளிச் சதை பரவாயில்லை, செடியும் பச்சைக் காயும் வேண்டாம். வேகாத அவரை, மொச்சைக் கொட்டை ஆகாது. பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கு எல்லாவற்றிலும் மோசம், பூஞ்சை நஞ்சு ஈரலை முடித்துவிடும். குஞ்சுகள் அதற்கு ரொம்பவே இளகியவை. "மாட்டுக்குத்தான் ஆகாது, கோழிக்குப் போடு" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு: ஒரு நாள் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் வேண்டாம். இந்த வயதில் ஒரு நாட்டுக்குஞ்சு 10, 12 கிராம் தின்னும். 25 குஞ்சுக்கு 300 கிராம் என்று வைத்தால் தின்பண்டம் 30 கிராம். அவித்த முட்டை என்றால் பாதியிலிருந்து முக்கால். மொத்தக் கூட்டத்துக்கும் அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் தின்று தீராததை எடுத்துவிடுங்கள். முட்டை மிச்சம் உமியில் கிடந்தால் நாறும், ஈ வரும். படுக்கை ஈரமானால் மூன்றாம் வாரத்திலிருந்து ரத்தக் கழிச்சல் வாய்ப்புப் பார்த்துக்கொண்டே இருக்கும்.


மாங்காத்தோப்பு, காவேரிப்பட்டணம் | புதன் காலை 7:55

சொட்டு மருந்து ஆறாம் நாளே போட்டாயிற்று ஐயா, பக்கத்து வீட்டு அண்ணன் போட்டுவிட்டார்.

அந்த நறநறக் குஞ்சு: திங்கட்கிழமை முழுவதும் பட்டினி போட்டு, தண்ணீர் காட்டி, நீவிவிட்டேன். ராத்திரி 11 மணிக்கு உருண்டை இளகிவிட்டது. விடியற்காலை மூன்றரைக்குப் பார்த்தால் கோணித் துணியில் கறுப்பாக, கயிறு திரித்தாற்போல ஒரு எச்சம், அதில் உமியும் ராகியும். இப்போது தண்ணீரைக் கலக்கிவிட்டுக் கத்திக்கொண்டிருக்கிறது. மகள் அதற்கு "ராகி" என்று பெயர் வைத்துவிட்டாள். இனி அறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.


பர்கூர்_கல்லுடைப்பு | புதன் காலை 8:01

பெயர் வைத்துவிட்டால் அது கோழி இல்லை, சொந்தக்காரர்.


மாங்காத்தோப்பு, காவேரிப்பட்டணம் | அடுத்த செவ்வாய் மாலை 5:30

கேட்டதற்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே. தென்பெண்ணைப் பக்கத்திலிருந்து மாமனார் ஒரு பக்கெட் மணல் கொண்டுவந்தார். சலித்துக் கழுவி வறுத்ததில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் தேறியது. புதன் மாலை தீவனத்துக்குப் பிறகு ஒரு தேக்கரண்டி வைத்தேன். முதலில் யாரும் சட்டை செய்யவில்லை. ஒரு குஞ்சு ஒரு கல்லைக் கொத்தி, கீழே போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடியும் கொத்தி விழுங்கியது. அவ்வளவுதான், மற்ற இருபத்து நான்கும் அந்த மூடியின் மேல் ஏறிவிட்டன. மூடி கவிழ்ந்தது. இப்போது அடியில் ஒரு கூழாங்கல்லை ஒட்டிவைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ராகி ஒரு சின்னக் கை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எச்சத்தில் முழு ராகியைத் தேடிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலைந்து கண்ணில் பட்டது. இன்று ஒன்றுமில்லை. கரையான் பானை முதல் நாள் வெறும் சாணிதான் (ஏழு மணிக்குப் போனேன், என் தப்பு). நேற்று ஐந்தரைக்குப் போனேன். பானையைத் தூக்கியதும் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டதே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 25ம் இருக்கின்றன.


ஓசூர்_அடுக்ககம் | செவ்வாய் மாலை 6:10

அக்கா, அந்த மணலில் ஒரு டம்ளர் எனக்குக் கிடைக்குமா? சனிக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன். இங்கே ஐந்தாவது மாடியில் கரையான் பானை கவிழ்க்க இடமில்லை.


அரூர்_ஆடுகோழி | செவ்வாய் இரவு 9:00

நேற்று ஊரில் மாரியம்மன் பண்டிகை. வீட்டில் ஒரு கிழட்டுப் பெட்டை அறுத்தோம், நாலு வருடம் தோட்டத்தில் திரிந்தது. உங்கள் பேச்சு ஞாபகம் வந்து அரவைப்பையை நானே வாங்கிப் பிளந்தேன். வீட்டுக்காரி என்ன ஆயிற்று இந்த மனிதனுக்கு என்று பார்த்தாள். கல்லை எல்லாம் தண்ணீரில் அலசித் தட்டில் பரப்பி எண்ணினேன். 61. பென்னாகரம் தம்பி, நீ சொன்ன பச்சைப்பயறு அளவுதான் அதிகம், சிலது துவரை அளவுகூட இருந்தது. எல்லாம் முனை மழுங்கி, கூழாங்கல் போல வழவழப்பாக இருக்கிறது. அதோடு நீல நிறக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று, அதுவும் ஓரம் தேய்ந்து பாசிமணி மாதிரி ஆகியிருந்தது.

வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, நம் பெரியவளுக்கு சமைந்தபோது போட்ட வளையல் இது என்கிறாள். அந்தக் கோழி பொரிப்பதற்கு முந்தின வருடம் அது. எப்படி?


பென்னாகரம்_பெருவிடை | செவ்வாய் இரவு 9:04

குப்பைமேட்டில் கிடந்ததை அப்புறமாகப் பொறுக்கியிருக்கும் அண்ணா. தட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.